நிற்கத் தெரியாத பாட்டு

பாட்டைப் பதிவு செய்ய வந்த அந்த ஆளுக்குச் சலவை ஆலையின் மடிப்பறைப் பெண்கள் வைத்த பெயர் அற்புதம். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, அது யாருக்கு வேண்டும்? வாயைத் திறந்தால் அற்புதம். ஈரத்துணி வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போனால் அந்தச் சத்தம் அற்புதம். இஸ்திரி ரோலரிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தால் அதுவும் அற்புதம். ஒருநாள் கணீரக்கா தும்மினாள். மனுஷன் அதற்கும் மைக்கை நீட்டிவிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டினார். பொண்ணுங்க அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள்.

கணீரக்கா சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பைவிட இளக்காரம்தான் சட்டென்று வரும். "தும்மலைப் பிடிச்சுட்டுப் போறாரு பாரு. நாளைக்கு இதை வெச்சு ஒரு பட்டம் வாங்கிடுவாரு" என்று காதுபடவே சொன்னாள். அவளுடைய குரல் அப்படி. ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதனால்தான் அவள் கணீர். பதினொரு வருஷமாக மடிப்பறையில் முன்பாட்டும் அவள்தான்.

அந்தச் சலவை ஆலைக்கு மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி வரும். ரத்தமும் மருந்தும் வாந்தியுமாக வருவது ஒரு வாசல் வழியாக வந்து, கொதிநீரிலும் ரோலரிலும் புரண்டு, வெள்ளை வெளேரென்று மடிப்பறைக்கு வந்து சேரும். அங்கே ஒன்பது மேசை, பதினெட்டுப் பெண்கள். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். இவள் இந்த மூலையைப் பிடிக்கும்போது அவள் அந்த மூலையைப் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் உதற வேண்டும், ஒரே நேரத்தில் நடந்து வந்து ஓரத்தோடு ஓரம் சேர்க்க வேண்டும். ஒருத்தி முந்தினால் மடிப்பு கோணிக்கொள்ளும், பிரித்து மறுபடி முதலிலிருந்து மடிக்க வேண்டும். அதற்காக வந்ததுதான் பாட்டு. வேறு எந்தப் புனிதக் காரணமும் கிடையாது.

கணீரக்கா ஓர் அடி எடுத்துக் கொடுப்பாள். மற்ற பதினேழு பேரும் "ஆமா மடி, ஆமா மடி" என்று பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில்தான் கைகள் சேரும். அடிகளை அவ்வப்போது இட்டுக்கட்ட வேண்டியதுதான். யார் வீட்டில் என்ன சண்டை, எந்த இஸ்திரிக்காரன் யாரைப் பார்த்து இளித்தான், மேனேஜர் வழுக்கைக்கு இன்றைக்கு எவ்வளவு எண்ணெய் என்று எல்லாமே பாட்டில் வந்துவிடும். பேச்சில் சொன்னால் வேலை போகும். பாட்டில் சொன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. 'சும்மா பாடினோம் சார்' என்று கையை விரித்துவிடலாம்.

சும்மா ஒன்றும் பாடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கக்கூஸுக்குப் போய்வர மூன்றே நிமிஷம் என்று மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார். எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டரம்மா ஆலையைப் பார்வையிட வந்தபோது கணீரக்கா எடுத்துவிட்டாள்:

"கக்கூஸுக்கு மூணு நிமிஷம் தந்த ராசா,
காக்காய்க்கும் பத்தாதே அது லேசா!"

"ஆமா மடி, ஆமா மடி!" என்று பதினேழு பேரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் மடித்தார்கள். டாக்டரம்மா கையிலிருந்த ஃபைலால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் அந்த மூன்று எட்டாகிவிட்டது.

பாட்டில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, வேலைக்கு வந்த ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். கை நோகிறவளோ மூச்சு வாங்குகிறவளோ 'கொஞ்சம் இருங்களேன்' என்று கெஞ்ச வேண்டியதில்லை. பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் போதும். பதினேழில் ஒன்று குறைந்தால் கணீரக்காவின் காது கண்டுபிடித்துவிடும். யார் குரல் என்பதுகூடத் தெரியும். உடனே அடுத்த அடியின் கடைசி எழுத்தைப் பிடித்து இழுப்பாள். இழு இழு என்று இழுத்து, அந்தக் குரல் திரும்பி வந்து சேரும்வரை விடமாட்டாள். பாட்டு நின்றால் எல்லார் கையும் நிற்கும். எல்லாரும் நின்றால் யார் மேல் குற்றம் சொல்வது?

இந்த ஏற்பாட்டில் அதிகம் பிழைத்தவள் அவளுடைய நாத்தனார்தான். புருஷன் வீட்டில் பட்டது போதுமென்று நடுப்பகலில் கட்டின புடவையோடு வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றவள் அவள். கணீரக்காதான் ஆலையில் சேர்த்துவிட்டாள். முதல் வேலை ரோலரில். ஆறாவது மாதம் விரிப்போடு சேர்த்து வலது கையையும் ரோலர் இழுத்துக்கொண்டது. கை பிழைத்தது, இரண்டு விரல் மட்டும் அதன்பிறகு மடங்கவே இல்லை. மடிப்பறைக்கு மாற்றினார்கள். விரல் மடங்காதவளுக்கு மடிக்கிற வேலை! அந்த மேனேஜரின் மூளையை ரோலரில் விட்டு எடுத்தாலும் சுருக்கம் போகாது.

வீட்டில் கணீரக்காவின் புருஷன் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தான். "என் தங்கச்சி சம்பாதிக்கிற வரைக்கும் ராணி மாதிரி இருக்கட்டும். சும்மா உட்கார்ந்து சாப்பிடறதுன்னா அவ புருஷன் வீட்டுலேயே சாப்பிடட்டும். அவன்தான் வாராவாரம் ஆள் அனுப்பறானே." ஆக, அந்த இரண்டு விரலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது மடிப்பறை வேலை ஒன்றுதான். இது கணீரக்காவுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும்.

இந்த நிலைமையில்தான் அற்புதம் வந்து சேர்ந்தார். நாட்டார் பாட்டைக் கொண்டு சமுதாயத்தைப் புரட்டிப் போடப்போகிற ஓர் அமைப்புக்கு அவர் தலைவராம். இரண்டு வாரம் மடிப்பறையிலேயே உட்கார்ந்து பதிவு செய்தார். ஒரு துணியைத் தொட்டு மடித்துப் பார்த்தாரா என்றால் இல்லை. உட்காருவதற்கு மட்டும் மடித்து வைத்த அடுக்காகப் பார்த்து உட்கார்ந்தார். அந்த விரிப்புகளை மறுபடி துவைக்க வேண்டி வந்தது.

"அம்மா, இது வெறும் பாட்டு இல்ல. சமூக மாற்றத்தோட ஆயுதம்" என்றார் கணீரக்காவிடம்.

"ஆயுதமா? நாங்க துணி மடிக்கிறோம் சார்."

"அதான் அற்புதம்! உங்களுக்கே தெரியலை பாருங்க, நீங்க யாருன்னு. நீங்கதான்மா மாற்றத்தோட குரல்."

கணீரக்கா உதட்டைச் சுழித்தாள். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் அந்த வார்த்தை போய் உட்கார்ந்துவிட்டது. பதினொரு வருஷம் கத்தியிருக்கிறாள். புருஷன்கூட 'மெதுவாப் பேசித் தொலையேன்' என்பானே தவிர, ஒருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இளக்காரமெல்லாம் வாயோடு சரி. உச்சி குளிர்ந்துவிட்டது அவளுக்கு.

அடுத்த நாள் அற்புதம் சொன்னார்: "ஸ்டூடியோவுல போய்ப் பதிவு பண்ணலாம்மா. நீங்க மட்டும் வந்தா போதும். பதில் பாட நான் நாலு பொண்ணுங்களை வெச்சிருக்கேன், முறையாப் படிச்ச குரல்."

"ஏன் சார், எங்க ஆளுங்க இருக்காங்களே?"

"நல்லாத்தான் பாடறாங்க. ஆனா ஒரே சீரா இல்ல. நடுநடுவுல யாரோ ஒருத்தர் விட்டுடறாங்க. நீங்க வேற அங்கங்கே இழுத்துச் சமாளிக்க வேண்டியிருக்கு. பாவம்."

அடப்பாவி! இரண்டு வாரம் உட்கார்ந்து கேட்டதில் கேட்கவேண்டிய ஒன்றை மட்டும் சரியாகக் கேட்டிருக்கிறான், அதையும் ஓட்டை என்று நினைத்திருக்கிறான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை, 'அது ஓட்டை இல்லை சார், அதுதான் பாட்டு' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் வாயெல்லாம் அடைக்கிற கணீரக்கா என்ன செய்தாள் தெரியுமா? பல்லைக் காட்டினாள்.

"ஆமா சார். அவளுங்க அப்படித்தான்" என்றாள்.

இரண்டு மேசை தள்ளிப் போய் நாத்தனார் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். அவள் தலையை நிமிர்த்தி அண்ணியை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

ஸ்டூடியோ சுவரெல்லாம் பஞ்சு வைத்த மெத்தை. காதில் இரண்டு கிண்ணத்தை மாட்டி நிற்க வைத்தார்கள். காக்காய் அடியை அற்புதம் வெட்டிவிட்டிருந்தார். "கொஞ்சம் கொச்சையா இருக்கும்மா. இது எல்லாருக்குமான பாட்டா இருக்கணும்" என்று அதற்குப் பதில் தன் கைப்பட எழுதிய அடியைக் கொடுத்தார்: 'விடியலே வா, வெண்மையே வா, வேர்வையின் கனவே விரைந்தோடி வா.' வேர்வையாம், கனவாம். வேர்வை வந்தால் அக்குள்தான் நாறும். கணீரக்கா மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே அதைக் கணீரென்று பாடினாள்.

"இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பா, அம்மா!"

பாடினாள். நாலு பெண்களும் 'ஆமா மடி' என்று பதில் சொன்னார்கள், ஒரு மயிரிழை பிசகாமல், ஒரு தடவைகூட ஒரு குரல் குறையாமல். கையில் துணி இல்லாதவளுக்கு ஏன் குறையப்போகிறது? காத்திருக்க யாரும் இல்லாததால் கணீரக்கா ஓர் எழுத்தையும் இழுக்கவில்லை. நாலு நிமிஷம் ஒரே ஓட்டம். வெளியே வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு பதில்பாட்டு அமைந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் பேசியவர்கள் 'அடித்தட்டு' என்ற வார்த்தையை மட்டும் நாற்பது தடவை சொன்னார்கள், அந்த அடித்தட்டுக்காரிகளை வாசலில் நாற்காலி அடுக்கச் சொல்லிவிட்டு. மேனேஜரும் வந்திருந்தார். பேச்சைக் கேட்டாரோ இல்லையோ, பாட்டைக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய கால் தாளம் போட்டது. கணீரக்கா அதைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். மடச்சி! அவர் தாளம் போடவில்லை, மணிக்கு எத்தனை விரிப்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் மடிப்பறையின் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி ஏறியது. சுவரில் கணீரக்காவின் ஆளுயரப் படம், வாயைத் திறந்தபடி. அதன் கீழே பெரிய எழுத்தில் 'மாற்றத்தின் குரல்'. மேனேஜர் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, "உங்க கலையை இந்த நிர்வாகம் மதிக்குது. இனிமே நீங்க தொண்டை வறளப் பாட வேண்டாம். உங்க பாட்டு தானாப் பாடும்" என்றார். பொண்ணுங்க கை தட்டினார்கள். ஒல்லி என்று ஒருத்தி, வாய்த்துடுக்கு ஜாஸ்தி, கணீரக்காவின் கன்னத்தைக் கிள்ளி, "சினிமாக்காரி மாதிரி இருக்கே அக்கா!" என்றாள்.

முதல் நாள் கூத்தாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் முதுகு வலித்தது. மூன்றாம் நாள் புரிந்துவிட்டது.

ஒலிபெருக்கிக்குக் காது கிடையாது. ஒருத்தி பதில் சொல்லாமல் நின்றால் அதற்கென்ன தெரியும்? அந்த நாலு மெத்தைச்சுவர்க் குரல்களும் 'ஆமா மடி, ஆமா மடி' என்று அடித்து விரட்டிக்கொண்டே இருந்தன. நாலு நிமிஷம் முடிந்ததும் மூச்சுகூட விடாமல் மறுபடி முதலிலிருந்து. பழகிப்போன கை பாட்டோடுதான் போகும், நிறுத்தினாலும் நிற்காது. மணிக்கு எழுபது மடித்த மேசை தொண்ணூற்றைந்து மடித்தது. தொண்ணூற்றைந்துக்குக் குறைந்த மேசைக்கு மேனேஜர் மஞ்சள் சீட்டு கிழித்துக் கொடுத்தார். மூன்று சீட்டு சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம்.

"சார், இது ரொம்ப வேகம்" என்று ஒல்லி கேட்டாள்.

"என்னம்மா இது, உங்க பாட்டுதானே? நானா பாடினேன்?" என்றார் மேனேஜர். சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார்.

பதினேழு தலையும் அந்தப் பக்கம் திரும்பின. அதன்பிறகு அவர்கள் கணீரக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகும். முகத்தில் அடித்தமாதிரி ஒரு வார்த்தை சொன்னாலாவது திருப்பிச் சொல்லலாம். அதுவும் இல்லை.

நாத்தனாருக்கு முதல் வாரமே ஒரு சீட்டு விழுந்தது. பத்து நாளில் இரண்டாவது. முன்பெல்லாம் இருவரும் ஒரே மேசை. பார்வையாளர்கள் வந்தால் கண்ணில் படட்டும் என்று மேனேஜர் கணீரக்காவை வாசல் மேசைக்கு மாற்றிவிட்டதால், நாத்தனாருக்கு இப்போது ஒல்லிதான் ஜோடி. இரண்டாவது சீட்டை அவள் வீட்டில் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

"இன்னும் ஒண்ணுதானே?" என்றான் புருஷன் அந்தச் சீட்டைப் பார்த்து. "நாளைக்கே அவனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிடறேன். சீட்டு வாங்கி அனுப்பறதைவிட மரியாதையா இருக்கும்."

"உன் தங்கச்சிதானே அவ? வாயில என்ன வருதுன்னு பார்த்துத்தான் பேசறியா?" என்று கணீரக்கா பாய்ந்தாள்.

"நான் என்ன பண்ணேன்? விரட்டறது யாரு குரலு?"

கணீரக்கா அந்தச் சீட்டை எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக அற்புதத்தின் ஆபீஸுக்குப் போனாள். குளுகுளு அறை, சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்தே விட்டார்.

"வாங்கம்மா, வாங்க! தெரியுமா, பதினொரு சலவை ஆலையில நம்ம பாட்டைப் போடறாங்க! ஒரு மீன் டப்பா கம்பெனிகூடக் கேட்டிருக்கு. பாட்டு தொழிற்சாலைக்குள்ளயே போயிடுச்சும்மா. இதைவிட மாற்றம் என்ன வேணும்?"

பதினொரு ஆலை! எத்தனை மேசை, எத்தனை மணிக்கட்டு! கணீரக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். குரல் குறைவதை, காத்திருப்பதை, மஞ்சள் சீட்டை, இரண்டு விரலை. "அதை நிறுத்துங்க சார். உங்க கால்ல வேணாலும் விழறேன். என் குரலை அந்தப் பொட்டியிலேருந்து எடுத்துடுங்க" என்றாள். அப்படிச் சொல்வாள் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

அவர் கண்கள் விரிந்தன. "குரல் குறைஞ்சா பாட்டு காத்திருக்குமா? அற்புதம்! இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை? இதை வெச்சே தனியா ஒரு கட்டுரை எழுதலாமே!"

"சார், நிறுத்த முடியுமா, முடியாதா?"

"பாட்டு மக்களுக்குச் சொந்தம்மா. அதை நிறுத்த நான் யாரு?" என்றபடி அவர் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த மைக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க, முதல்லேருந்து. அதே கோபத்தோட."

கணீரக்கா அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள். கையில் வேறெதுவும் இல்லாததால் "த்தூ!" என்றாள். படியிறங்கும்போதுதான் உறைத்தது, மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தத் 'த்தூ'வையும் பத்திரப்படுத்தியிருப்பான் பாவி. அவன் மேல் வந்த ஆத்திரம் பேருந்தில் ஏறும்வரைதான் இருந்தது. உட்கார்ந்ததும் அது அப்படியே அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. அவனுக்குத் தெரியாது, அதனால் செய்தான். இவளுக்குத் தெரியுமே! தெரிந்தும் ஒரு படத்துக்கும் நாலு கைதட்டலுக்கும் பல்லை இளித்தாளே! இரண்டு பேரில் யார் கேடுகெட்டவர் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவள் மடிப்பறைக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பெரிய ஆஸ்பத்திரியின் வண்டி நின்றது. ஆபரேஷன் அறை விரிப்பு நானூறு பதினொன்றரைக்குள் ஏறியாக வேண்டும். மேனேஜர் கையில் மஞ்சள் சீட்டுப் புத்தகத்தோடு மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தார். நாத்தனாரின் மேசையில் அடுக்கு மற்ற மேசைகளைவிட ஒரு சாண் குறைவு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மடங்காத விரலால் மூலையைத் துழாவிக்கொண்டிருந்தாள். மூலை நழுவியது. குனிந்து எடுத்தாள். மறுபடி நழுவியது. மேலே கணீரக்காவின் குரல் 'விரைந்தோடி வா' என்று கணீரென்று விரட்டியது.

மேனேஜர் அந்த மேசையில் நின்று பேனா மூடியைக் கழற்றினார்.

கணீரக்கா தன் மேசைக்குப் போகவில்லை. நேராக அறை நடுவில் போய் நின்று, "துணியை விடுங்கடி!" என்று கத்தினாள். பதினொரு வருஷத்துக் குரல் அத்தனையும் அதில் இருந்தது. நாலு ஒலிபெருக்கியும் ஒரு கணம் சின்னதாகிப் போயின.

பதினேழு பேரும் திரும்பினார்கள். சொன்னதை அவர்கள் உடனே ஒன்றும் கேட்டுவிடவில்லை. இவளுக்கு என்ன வந்தது என்பதுபோலத்தான் பார்த்தார்கள். முதலில் விட்டவள் ஒல்லி. கையிலிருந்த விரிப்பைப் பாதி மடிப்போடு மேசையில் போட்டாள். அடுத்த மேசை போட்டது. பிறகு ஒவ்வொன்றாக எல்லா மேசையும்.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்த பதினெட்டுப் பெண்களைப் பார்த்து 'ஆமா மடி, ஆமா மடி' என்று அது பாட்டுக்குக் கத்தியது. இவ்வளவு அசிங்கமான சத்தத்தைக் கணீரக்கா தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

"என்ன இது? வண்டி நிக்குது, தெரியுதா இல்லையா?" என்று மேனேஜர் பறந்தார்.

"பாட்டுதான் ஓடுதே சார். அதையே மடிக்கச் சொல்லுங்க" என்றாள் ஒல்லி.

கத்தினார். எல்லாருக்கும் சீட்டு என்றார். பதினெட்டுச் சீட்டையும் கிழித்துக் கொடுத்தால் நானூறு விரிப்பை யார் மடிப்பது? ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பத்து நிமிஷம் போயிற்று. ரோலரிலிருந்து சூடான துணி வந்து வந்து தரையில் குவிந்தது. கடைசியில் அவரே போய்ச் சுவிட்சைத் தட்டினார். கணீரக்காவின் குரல் பாதி வார்த்தையில் செத்தது.

"சரி. நிறுத்தியாச்சு. மடிங்க."

"அந்தப் பொட்டியெல்லாம் கீழ இறங்கணும். அந்த மஞ்சப் புத்தகமும் இங்க வரணும்" என்றாள் ஒல்லி, மேசையைத் தட்டி. புத்தகம் வந்தது. அவள் அதை ஆவி பறக்கிற ஈரத்துணித் தொட்டியில் போட்டாள். எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தான்.

"இப்பவாவது ஆரம்பிங்கம்மா" என்று மேனேஜர் கணீரக்காவிடம் கெஞ்சினார். "பாடுங்க!"

பாடினாள். ஓர் அடி எடுத்துக் கொடுத்தாள். பதில் வரவில்லை. பதினேழில் ஒன்றுகூட வரவில்லை. சுவிட்சு அணைந்த பெட்டிக்கும் தனக்கும் அந்த அறையில் எந்த வித்தியாசமும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி வாயைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது அறையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல குரல் என்று சொல்ல முடியாது. கட்டைக் குரல், பழக்கமில்லாததால் நடுங்கியது. நாத்தனார் முன்பாட்டு எடுத்திருந்தாள், கண்ணைத் தாழ்த்தாமல், அண்ணியை நேராகப் பார்த்து:

"செவுத்துல பல்லைக் காட்டி நிக்கிறா எங்கண்ணி,
சொந்தக் குரலுக்கே சொக்கிட்டா எங்கண்ணி..."

"ஆமா மடி, ஆமா மடி!" என்று அறை அதிர்ந்தது. பதினாறு குரல், பதினாறு ஜோடிக் கை. விரிப்புகள் உதறி விரிந்தன. மெதுவாகத்தான் போயிற்று பாட்டு, இரண்டு விரல் மடங்காத ஒரு கையின் வேகத்தில்.

"காயம்பட்ட கைக்கு நிக்கத்தான் மறந்தா,
கைதட்டல் கேட்டதும் காத்துல பறந்தா..."

"ஆமா மடி, ஆமா மடி!"

கணீரக்கா வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் அடுத்த அடியைத் தொடங்கவில்லை. 'பறந்தா' என்ற அந்த வார்த்தையையே பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டே நின்றாள். கட்டைக் குரல் கரகரத்தது, மூச்சு முட்டியது, முகம் சிவந்தது, விடவில்லை. பதினாறு பெண்களும் துணியைப் பாதியில் பிடித்தபடி நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் இரக்கம் இல்லை. ஆனால் ஒருத்தியும் மடிக்கவில்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எதுக்கு நிக்கறீங்க?" என்றார்.

கணீரக்கா போய்த் தன் மேசையில் கிடந்த விரிப்பின் மூலையைப் பிடித்தாள். வந்த குரலைக் கணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஆமா" என்றாள். "ஆமா மடி."